பதினாறு அங்குலச் சில்லும் மூன்று தேசிக்காயும்

எங்கள் காரின் ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பதிந்திருந்தன. முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. கார் வீட்டுக்கு வந்த அன்றே குந்தியிருந்து பார்த்து அவற்றைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் வேறொன்றைத் தேடப்போய் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. நான்கு டயருக்கும் ஒரே வயது, எட்டு. தவாளிப்புகள் இன்னும் ஆழமாகத்தான் இருந்தன. ஆனால் டோர்ச் அடித்துப் பார்த்தபோது பக்கச் சுவர்களில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தன. முன் இடது டயரில் பதினொன்று எண்ணினேன். மற்ற மூன்றிலும் எண்ணவில்லை. ஒன்றே போதுமானதாக இருந்தது.

அன்று டயரியில் எழுதியது: "டயர் நான்கும் மாற்ற வேண்டும். அவசரம் இல்லை. ஒரு மாதத்துக்குள்."

அது ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டு இங்கே வந்த சிறிய வெள்ளைக் கார். டயர் பூட்டியிருப்பது பதினான்கு அங்குல இரும்புச் சில்லுகளில். அவற்றின் மேல் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் மூடிகள். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் ஒரு தூணுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையில் நிற்கும். நான் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் ஆவணங்களைச் சரிபார்ப்பவன். வேலைக்கு ரயிலில் போகிறேன். கடைக்கு நடந்து போகிறோம். அந்தக் காருக்கு வாரத்தில் உறுதியான வேலை ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை மாலை என் மனைவியைக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது.

மனைவி கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். நான் யாழ்ப்பாணத்துச் சைவன். கலியாணம் செய்து இருபத்தாறு வருடம். அவர் கோயிலுக்குள் இருக்கும் நேரம் நான் வெளியே ஒரு கடையில் பால் விடாத பிளேன்டியும் பேப்பருமாக இருப்பேன். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். வீட்டில் நாங்கள் பேசுவது பெரும்பாலும் தண்ணீர் மோட்டர், காஸ் சிலிண்டர், கதவைக் கடைசியாகப் பூட்டியது யார் என்பவை. மற்றப் பேச்செல்லாம் அந்த எண்பது நிமிடத்துக்குள்தான் நடந்தன. மகளை மெல்பேர்னுக்குப் படிக்க அனுப்புவதா என்ற கேள்வி பம்பலப்பிட்டியில் தொடங்கிக் காலி முகத்திடலில் முடிவானது. எங்களுக்குப் பிறக்காமல் போன இரண்டாவது பிள்ளையைப் பற்றி நாங்கள் ஒரே ஒருமுறை பேசியிருக்கிறோம். அதுவும் ஒரு செவ்வாய், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லொறிகளுக்குப் பின்னால் நின்றபோது.

மனைவிக்கு இடுப்பில் கோளாறு இருந்தது. பாலர் பாடசாலையில் பத்தொன்பது வருடம் பிள்ளைகளின் கதிரையில் இருந்து படிப்பித்தவர். அதற்கு முந்திய வருடம் முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் ஒரு தட்டு விலகியிருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். வெட்டத் தேவையில்லை, குலுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மனைவி கலியாண வீடுகளைக் குறைத்தார், நுகேகொடைச் சந்தையை நிறுத்தினார். செவ்வாயை நிறுத்தவில்லை. ஆகவே டயர் தெரிவு எனக்குச் சாதாரண வேலையாக இருக்கவில்லை. கொப்பியில் ஒரு புதிய பக்கம் எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் "சொகுசு" என்றும் வலப்பக்கம் "தோற்றம்" என்றும் எழுதினேன். சொகுசை முதலில் எழுதினேன் என்பதைப் பின்னர் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

வலப்பக்கத்தை நிரப்பியவர் மனைவியின் தம்பி. கொட்டாஞ்சேனையிலேயே இருக்கிறார், துறைமுகத்தில் வேலை. அவருடைய மகளின் கலியாணம் மூன்று மாதத்தில் இருந்தது. மணப்பெண்ணைக் கோயிலுக்குக் கொண்டுபோவது எங்கள் கார் என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது, அது வெள்ளை என்பதால். டயர் மாற்றப்போகிறேன் என்று கேள்விப்பட்டதும் ஞாயிற்றுக்கிழமை வந்து காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். கார் வெறுங்காலோடு நிற்கிறது என்றார். பிளாஸ்டிக் மூடியைத் தட்டிப் பார்த்து, இதைக் கழற்றிப் புட்டுப் பானைக்குப் போடலாம் என்றார். டயர் எப்படியும் வாங்கத்தானே வேண்டும், இரும்பைக் கழற்றிவிட்டு அலோய் சில்லு போட்டால் ஒரே செலவு, ஒரே வேலை. பதினாறு அங்குலம். பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் இருந்து வந்த பாவித்த சில்லுகள் கிடைக்கும், தானே பார்த்து எடுத்துத் தருவதாகச் சொன்னார். கலியாணத்துக்கு எங்கள் பங்கு என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார்.

நான் உடனே சம்மதிக்கவில்லை. கணக்குப் பார்த்தேன். பழைய டயரோடு சேர்த்துப் பதினான்கு அங்குலச் சில்லின் முழு விட்டம் 600.6 மில்லிமீற்றர். அவர் சொன்ன பதினாறு அங்குலச் சில்லுக்கு 195/50 அளவு டயர் போட்டால் 601.4. வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. வேகமானி பொய் சொல்லாது, சில்லு எங்கும் உரசாது. இந்தப் பொருத்தம் எனக்கு மிகுந்த திருப்தியைத் தந்தது. வெளி விட்டம் மாறாமல் உள்ளே இரும்பு பெருத்தால் எது மெலிய வேண்டும் என்பதும் அதே கணக்கில் இருந்தது. பழைய டயரின் பக்கச் சுவர் 122.5 மில்லிமீற்றர், புதியது 97.5. அதையும் கூட்டிக் கழித்துச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். ஓர் அங்குல ரப்பர் குறைகிறது. அதன் கீழ் இரட்டைக் கோடு போட்டு, "கணக்கு சரி" என்று எழுதியிருக்கிறேன்.

பஞ்சிகாவத்தையில் அந்தச் சில்லுகளை வைத்திருந்தவர் ஒரு முஸ்லிம் கடைக்காரர். அறுபது வயது இருக்கும். மைத்துனர், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில், நானா, நானா என்று அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு சில்லையும் தரையில் உருட்டி நெளிவு பார்த்தேன், விளிம்பில் விரலை ஓட்டினேன். பத்துக் கைகள் விரிந்ததுபோன்ற வடிவம், கரும் சாம்பல் நிறம். அழகாகத்தான் இருந்தன. கடைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வண்டி ஓட்டுற நீங்க. போற யாரு?"

நான்தான் ஓட்டுவது என்று மறுபடி சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு டயரைப் பூட்டப் போனார். அந்தக் கேள்வியை அன்று டயரியில் எழுதியிருக்கிறேன். கேள்வியை மட்டும்.

பழைய டயர்களை அங்கேயே விட்டோம். இரும்புச் சில்லுகள் நான்கையும் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து பல்கனியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மறுநாள் மனைவி அதன்மேல் கறிவேப்பிலைச் சாடியை ஏற்றி வைத்தார். உயரம் சரியாக இருக்கிறது, குனியத் தேவையில்லை என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வாகனம் வந்தாலும் இரண்டு பக்கத்து முறையும் நடக்கும். என் பக்கத்துக்கு நான்கு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காய் வைத்து ஏற்றி நசிப்பது. மனைவியின் பக்கத்துக்குக் கொச்சிக்கடையில் தீர்த்தம் தெளிப்பது. கார் வந்தபோது இரண்டும் செய்தாயிற்று. சில்லு மட்டும் மாறினால் என்ன முறை என்பதில் எனக்குத் தெளிவு இருக்கவில்லை. மனைவியைக் கேட்டேன். தீர்த்தம் விழுந்தது கார் உடம்பில், உடம்பு அதேதான், ஆகவே அது செல்லும். தேசிக்காய் சில்லுச் சமாசாரம்.

"அது ஒங்க டிபார்ட்மென்ட்," என்றார்.

ஆகவே புதிய சில்லோடு போகும் முதல் செவ்வாய் மாலை தொடர்மாடியின் கேற் வாசலில் நான்கு தேசிக்காய் வைத்தேன். வாசல் சற்றுச் சரிவு. அவை வைத்த இடத்தில் நிற்காமல் கொஞ்சம் உருண்டு ஒன்றுக்கொன்று முன்பின்னாக நின்றன. மனைவி வழக்கம்போல முன் இடது ஆசனத்தில் ஏறி இருந்தார். நான் மெதுவாக ஏற்றினேன். வீதிக்கு வந்ததும் மனைவி கேட்டார்.

"மூணுதான் வச்சீங்களா?"

"நாலு வைச்சனான்."

"எனக்கு மூணுதான் தெரிஞ்சிச்சு."

நான் காரை ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூன்று நசிந்து கிடந்தன. நாலாவது, பின் வலதுக்கு வைத்தது, உருண்டு போய் வடிகால் கானோரம் முழுதாகக் கிடந்தது. காவற்காரர் அதை எடுத்துத் துடைத்துவிட்டு, மாத்தயாவுக்கு வேண்டுமா என்று சிங்களத்தில் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் அதைத் தன் பிளேன்டிக்குப் பிழிந்துகொண்டார்.

அன்று டயரியில் உள்ளது இது: "தேசிக்காய் வைத்தது 4. நசிந்தது 3. மனைவி சொன்னதும் 3." கீழே ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் ஆசனத்தில் இருந்தபடி டயருக்கு அடியில் நசியும் தேசிக்காயை எண்ணுகிறார். அது எனக்கு ஒரு பொருத்தமாகத் தெரிந்ததே தவிரச் செய்தியாகத் தெரியவில்லை.

எனக்குச் செய்தி வேறிடத்தில் இருந்து வந்தது. சொகுசை வாய்ச்சொல்லில் விடக்கூடாது என்று நினைத்து ஓர் அளவுமுறை வைத்திருந்தேன். ஒரு சில்வர் டம்ளரில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே கோடு கீறி, அதுவரை தண்ணீர் விட்டு, போத்தல் வைக்கும் குழியில் வைப்பது. கொச்சிக்கடை போய்ச் சேர்ந்ததும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அடிமட்டத்தால் அளப்பது. பழைய டயர்களோடு ஒரு செவ்வாய் அளந்தேன். பதினொரு மில்லிமீற்றர் குறைந்தது. மனைவி வழி முழுவதும் சேலைக் கரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். புதிய சில்லுகளோடு அளந்தபோது ஏழு. நான் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்னேற்றம் என்றேன்.

"அப்ப சரி," என்றார்.

இரண்டாவது செவ்வாய் ஒரு குஷனோடு வந்தார். மூன்றாவது செவ்வாய் இரண்டு குஷன். பேச்சுக் குறைந்தது. காலி முகத்திடல் வரை வந்தும் ஒன்றும் தொடங்கியிருக்காது. வேலைக் களைப்பு என்று எழுதினேன். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் என்ன என்று பஞ்சிகாவத்தைக்குத் தொலைபேசியில் கேட்டேன். ஒல்லியான டயரில் காற்றைக் குறைத்தால் பள்ளத்தில் ரிம் நெளியும் என்றார் நானா. குறைக்கவில்லை. சில்லு நெளிவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாமல் இருந்தது.

நான்காவது செவ்வாய் மனைவி, நீங்கள் ரயிலில் வந்து களைத்துப்போய் மறுபடி காரை எடுக்க வேண்டாம், நான் பஸ்ஸில் போய்வருகிறேன் என்றார். பஸ்ஸில் காற்று வரும் என்றும் சொன்னார். எனக்கு ஒரு விதத்தில் மகிழ்ச்சியாக இருந்தது. இடுப்பு தேறுகிறது, பஸ்ஸில் ஏறுகிற அளவுக்கு என்று எழுதினேன். ஐந்தாவது செவ்வாயும் பஸ். ஆறாவதும் பஸ். அந்த மாலைகளில் நான் கீழ்த்தளத்துக்குப் போய்ச் சில்லுகளைத் துடைத்தேன். பத்துக் கைகளுக்கும் இடையில் விரல் போகாது, பல் துலக்கும் பிரஷ் வேண்டும். ஒரு சில்லுக்கு முப்பத்தாறு நிமிடம். நான்கு சில்லும் முடிய, அவர் வரும் நேரம் ஆகிவிடும். மேலே வந்து, போனது எப்படி என்று கேட்பேன். நல்லம் என்பார். கதவைப் பூட்டினீர்களா என்று கேட்பார். பூட்டினேன் என்பேன். மூன்று செவ்வாய்க்கும் டயரியில் வேறு பேச்சு எதுவும் பதிவில் இல்லை. இதைக் கவனித்தேன். கவனித்தேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

ஆறாவது செவ்வாய் கழிந்து புதன்கிழமை மாலை மைத்துனர் வந்தார். முன்னறிவித்தல் இல்லை. கையில் ஒரு பெட்டி, மீன் வைத்த மாலு பனிஸ். அக்காவிடம் அதைக் கொடுத்துவிட்டு என்னைப் பல்கனிக்கு வரச் சொன்னார். கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அத்தான், கோவிக்க வேணாம். அக்காவோட என்ன பிரச்சினை?"

"ஒரு பிரச்சினையுமில்லையே."

"பிரச்சினை இல்லாமலா இடுப்பு வலிக்காரி பஸ்ஸில வாறா? நேத்து பஸ் ஹோல்ட்டுல கண்டேன். எறங்கி, கம்பியப் புடிச்சிட்டு, ஒரு நிமிசம் அசையாம நின்னா. நான் கூப்பிடல்ல. கூப்பிட்டா வெக்கப்படுவா."

எனக்கு அந்த ஒரு நிமிடம் புதிய தகவல். அதுவரை என் பதிவுகளில் இருந்தது அவர் புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும்தான். மைத்துனர் விட்டபாடில்லை. கொட்டாஞ்சேனையில் இப்போதே இரண்டு வீட்டில் கதைக்கிறார்கள், கலியாணத்துக்கு ஒன்றாக வருவீர்களா என்று கேட்கிறார்கள் என்றார். மதம் விட்டு மதம் கட்டியவர்கள் இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு பிரிவதும் உண்டாம், அவருக்கு ஒரு குடும்பத்தைத் தெரியுமாம். வேண்டுமென்றால் அந்தோனியார் கோயில் சாமியாரோடு கதைக்கலாம், நான் சைவம் என்றாலும் அவர் கதைப்பார் என்றார்.

மனைவி மூன்று கோப்பைத் தேநீரோடு பல்கனி வாசலில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது.

"அவரோட ஒண்டும் இல்லடா," என்றார். "சில்லோடதான்."

மைத்துனர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன்.

மனைவி தட்டைச் சாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். கார் முந்திப் பள்ளத்தில் இறங்கினால் இறங்கி ஏறும். இப்போது இறங்குவதில்லை, இடிக்கிறது. இடிப்பது நேரே இடுப்பின் அந்த ஓர் இடத்துக்கு வருகிறது. பாலத்துப் பொருத்து, கான் மூடி, மஞ்சள் கடவைக் கோட்டின் பெயின்ற் தடிப்பு எல்லாம் தெரிகிறது.

"பஸ் குலுக்கும். குத்தாது," என்றார். "அண்டைக்கே சொன்னேனே, மூணுதான்னு. தேசிக்காய எண்ணுற அளவுக்கு எனக்குத் தெரியுதுன்னா, இவருக்கு விளங்கும்னு நெனச்சேன். இவர் எறங்கிப் போய் எண்ணிட்டு வந்தார்."

ஏன் நேராகச் சொல்லவில்லை என்று கேட்டேன். தம்பி தேடித் தந்த சில்லு, பிள்ளையின் கலியாணத்துக்கு என்று தந்தது. மறுபக்கம் நீங்கள் டம்ளரை வைத்து முன்னேற்றம் என்று வாசித்துவிட்டீர்கள். இரண்டு பேரும் சந்தோசமாக இருந்தீர்கள் என்றார்.

நான் உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். டம்ளர்ப் பக்கத்தைத் திறந்தேன். பதினொன்று, ஏழு. தண்ணீர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே வரியில், நானே எழுதிய வேறு இரண்டு எண்களும் இருந்தன. பழைய டயரோடு போன பயண நேரம் 41 நிமிடம். புதிய சில்லோடு 57. ஒரே வழி, ஒரே நேரம், ஒரே கிழமை. சில்லில் கீறல் விழக்கூடாது என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் காரை நடக்க விட்டிருக்கிறேன். அதனால் தண்ணீர் சிந்தவில்லை. டம்ளர் அளந்தது சொகுசை அல்ல, என் கவனத்தை. அந்தக் கவனம் சில்லுக்கு. இதை இரண்டு பேருக்கும் விளக்கினேன். மைத்துனர் மாலு பனிஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

அப்படியெல்லாம் இருக்காது, அக்காவுக்கு வருத்தம் உள்ள உடம்பு, அதனால்தான் என்றார் கடைசியில். தானே இருந்து பார்ப்பதாகச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் கீழே இறங்கினோம். அவர் முன் இடது ஆசனத்தில் இருந்தார். அங்கே கிடந்த இரண்டு குஷனையும் பின்னால் எறிந்தார். நான் வழமையான வேகத்தில், அதாவது நாற்பத்தொரு நிமிடத்து வேகத்தில், மெரைன் டிரைவுக்கு இறங்கிப் பம்பலப்பிட்டி வரை போய்க் காலி வீதியால் திரும்பினேன். பள்ளம் எதையும் தவிர்க்கவில்லை. போகும்போது மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். அவர்களிடம் அலோய் சில்லுப் போட்ட கார் என்று சொல்லியிருந்தாராம். வரும்போது கதை நின்றுவிட்டது. ஒரு கை கதவுப் பிடியில் இருந்தது. தொடர்மாடி வாசலில் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கண்ணை மூடினார்.

காரை நிறுத்தியும் அவர் உடனே இறங்கவில்லை.

"அத்தான், இதுலயா அவள கொச்சிக்கட வரைக்கும் கொண்டு போனீங்க?"

"ஓம். மூண்டு செவ்வாய்."

"அந்த பஸ்ஸே பரவால்ல," என்றார். கதவைத் திறந்தபடி, "படம் எடுக்கிறவன்கிட்ட மேல் பாதிய மட்டும் எடுக்கச் சொல்றேன்," என்றார்.

சனிக்கிழமை மனைவி கறிவேப்பிலைச் சாடியை இறக்கச் சொன்னார். நான் இறக்கினேன். சாடி வைத்த இடத்தில் மேல் சில்லில் வட்டமாகத் துரு பிடித்திருந்தது. அதை உரஞ்சி எடுத்து, நான்கு இரும்புச் சில்லையும் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். நானா என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன். அன்றைக்குப் போவது யார் என்று கேட்டீர்களே, அது என் மனைவி, இடுப்பு வருத்தக்காரி, இடது பக்கம் இருப்பவர். அவர் உள்ளே போய்ப் பதினான்கு அங்குல டயர் மூன்று வகை கொண்டுவந்து தரையில் போட்டார். ஒவ்வொன்றின் பக்கச் சுவரையும் பெருவிரலால் அமர்த்திக் காட்டி, என்னையும் அமர்த்தச் சொன்னார். இரண்டாவது சற்று விட்டுக்கொடுத்தது. அதன் உருவத்தில் சொல்வதற்கு எதுவும் இல்லை. கறுப்பு, வட்டம்.

"பார்வைக்கு ஒண்ணுமில்ல இது," என்றார் நானா.

அதையே போடச் சொன்னேன். செய்யப்பட்ட வாரம், ஆண்டு நான்கிலும் ஒன்றா என்று பார்த்தேன். ஒன்றுதான். பதினாறு அங்குலச் சில்லுகளை மைத்துனர் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனார். அவை இப்போது அவருடைய வீட்டு முன்னறையில் சுவரோடு சாய்ந்து நிற்கின்றன. வருபவர்கள் கேட்டால் விலையைச் சொல்லுவார், விற்கமாட்டார்.

கலியாணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பிளாஸ்டிக் மூடிகளைப் பிரஷ் போட்டுக் கழுவினேன். மணப்பெண் பின்னால், மனைவி முன்னால், பூச்செண்டு மனைவியின் மடியில். படப் புத்தகத்தில் கார் ஒன்பது படத்தில் இருக்கிறது. சில்லு தெரிவது ஒன்றில், பின் இடது. அதையும் பாதி மறைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் பெரியப்பா நிற்கிறார். சில்லைப் பற்றி அன்று எவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகவே இரண்டு பேருக்குச் சொன்னேன்.

அதற்கு முதல் நடந்தது, டயர் மாற்றியபின் வந்த செவ்வாய். சனிக்கிழமை பஞ்சிகாவத்தையில் இருந்து வீடு வரும்போது தேசிக்காய் வைக்கவில்லை. அது முறைக்குப் பிழை என்று தெரியும். ஆனால் மனைவி ஆசனத்தில் இருக்கும்போதுதான் வைக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். மூன்று நாள் கார் தூணுக்கும் தொட்டிக்கும் இடையிலேயே நின்றது. மனைவியிடம் டயரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டம்ளரையும் எடுக்கவில்லை.

செவ்வாய் மாலை காரைக் கேற் வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தினேன். காவற்காரர் பிளேன்டிக் கோப்பையோடு எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வரமுன் நான்கு தேசிக்காயும் வைத்தேன். இம்முறை உருளாமல் ஒவ்வொன்றின் அடியையும் கத்தியால் தட்டையாகச் சீவியிருந்தேன். மனைவி படியால் இறங்கி வந்தார். கையில் செபப் புத்தகமும் ஒரு குஷனும் இருந்தன. முன் இடது கதவைத் திறந்து, கொஞ்சம் யோசித்து, குஷனைப் பின்னால் போட்டுவிட்டு ஏறி இருந்தார். நான் அவரைப் பார்க்காமல் மெதுவாக ஏற்றி வீதிக்கு வந்து ஓரமாக நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினீங்க?"

"எத்தினை?" என்று கேட்டேன்.

"என்ன எத்தினை?"

"தேசிக்காய்."

மனைவி என் பக்கம் திரும்பினார். "வச்சீங்களா?"

நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். நான்கும் நசிந்து கிடந்தன. காவற்காரர் நான்கு விரலைத் தூக்கிக் காட்டினார், முகத்தில் சிறு ஏமாற்றம். திரும்பி வந்து ஏறினேன். பம்பலப்பிட்டியைத் தாண்டினோம். கொள்ளுப்பிட்டிச் சிக்னலில் நின்றபோது மனைவி, அந்த மூன்று செவ்வாயும் நான் கீழே போய் என்ன செய்தேன் என்று கேட்டார். காவற்காரர் ஏதோ சொல்லியிருக்கிறார் போல. சில்லுத் துடைத்தேன் என்றேன். பிரஷ்ஷாலா என்று கேட்டார். ஓம் என்றேன். யாருடைய பிரஷ் என்று கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லி முடிக்கக் கொச்சிக்கடை வந்துவிட்டது.

டயரியில் அன்று: "புறப்பட்டது 5.10. சேர்ந்தது 5.52. தேசிக்காய் வைத்தது 4. நசிந்தது 4. மனைவி உணர்ந்தது 0. வரும் வழியில் நித்திரை. பல் பிரஷ் வாங்க வேண்டும், 1."